அயர்லாந்துக் கலகமும் பின்வந்த சந்ததியாரும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அயர்லாந்து தேசத்தில் 1916-ம் வருஷம் நடந்த கலகத்தைப் பற்றியதாகும். வீரக்கதை சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போவதற்கு நான் வரவில்லை. அக்கலகம் நடந்து நூறு வருஷத்திற்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை காலத்தில் அந்நாட்டார் அதை எத்தனை விதமாகப் பார்த்தார்கள், ஏன் அப்படிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதைப் பற்றியே பேசப் போகிறேன். நான் காலேஜில் படித்தவனல்ல. கிடைத்த புத்தகத்தைக் கிடைத்த நேரத்தில் படித்து, என் புத்திக்குப் பட்டதைச் சொல்லுகிறவன். நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவுக்குப் பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

முதலில் நடந்தது என்ன? 1916-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி திங்கட்கிழமை. இங்கிலீஷ் சர்க்கார் ஜெர்மனியோடு பெரிய யுத்தத்தில் மாட்டிக்கொண்டிருந்த சமயம். டப்ளின் நகரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் துப்பாக்கியுடன் புறப்பட்டுப் பெரிய தபாலாபீசையும் வேறு சில கட்டடங்களையும் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் நடத்திவந்த பேட்ரிக் பியர்ஸ் என்பவர் தபாலாபீஸ் வாசலில் நின்று, அயர்லாந்து இனிக் குடியரசு என்று ஒரு பிரகடனத்தைப் படித்தார். அதில் ஏழு பேர் கையெழுத்து. அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கானலி. ஏழைக் குடும்பத்தில் பிறந்து தொழிலாளர் தலைவரானவர். ஆறு நாள் சண்டை நடந்தது. பீரங்கியால் நகரத்தின் நடுப்பாகம் எரிந்தது. 29-ந் தேதி சரணடைந்தார்கள். மே மாதம் 3-ந் தேதி முதல் 12-ந் தேதிக்குள் 15 பேரைச் சர்க்கார் சுட்டுக்கொன்றது. கால் காயத்தால் நிற்க முடியாதிருந்த கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். ஆகஸ்டில் ரோஜர் கேஸ்மெண்ட் என்பவரை லண்டனில் தூக்கிலிட்டார்கள்.

அந்தப் பிரகடனம் என்ன வாக்குக் கொடுத்தது என்பதை மாத்திரம் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மதத்தாருக்கும் சுதந்திரம். எல்லாக் குடிகளுக்கும் சம உரிமை, சம சந்தர்ப்பம். ஆணும் பெண்ணும் ஓட்டுப்போட்டு அமைக்கும் சர்க்கார். நாட்டின் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றுபோல் பேணுவது. இங்கிலீஷ் பார்லிமெண்டுக்குப் பெண்கள் ஓட்டுப்போட உரிமையில்லாத காலத்தில் எழுதிய வாசகம் இது. ஆனால் அதே காகிதம் கடவுள் பெயரையும் செத்துப்போன தலைமுறைகளின் பெயரையும் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு பெயரும் பிற்காலத்தில் என்ன வேலை செய்தன என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கலாம்.

கலகம் நடந்த வாரத்திலேயே ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? கைதிகளைத் தெருவில் நடத்திக்கொண்டு போனபோது டப்ளின் ஜனங்களில் பலர் அவர்களைத் திட்டினார்கள். ஏன் திட்டமாட்டார்கள்? அந்த யுத்தத்தில் சுமார் 2 லட்சம் அயர்லாந்துக்காரர் இங்கிலீஷ் பட்டாளத்தில் சேர்ந்து சண்டை போட்டார்கள். புருஷன் யுத்தத்திலிருக்க, சர்க்கார் கொடுக்கும் படியை வாங்கிக் குடும்பம் நடத்திய பெண்களின் வயிற்றில் இந்தக் கலகம் அடித்தது. டப்ளினில் 20,000 குடும்பங்களுக்கு மேல் ஒரே அறையில் குடியிருந்ததாகக் கலகத்திற்கு இரண்டு வருஷம் முந்திய விசாரணையொன்று சொல்லுகிறது. அப்படிப்பட்ட ஏழைகள் கடை உடைந்ததும் புகுந்து மிட்டாயும் பூட்ஸும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பசித்தவனுக்குக் குடியரசு அன்றைக்கு அந்த ரூபத்தில்தான் வந்தது. 1913-ல் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வேலையைவிட்டு வெளியே தள்ளிக் கதவடைத்த முதலாளியின் பத்திரிகையோ, மீதியுள்ள தலைவர்களுக்குத் தயவு காட்டக் கூடாதென்று எழுதிற்று.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். சிலசில பேராகப் பத்து நாள் சுட்டுக்கொண்டே போகப் போக, திட்டிய ஜனங்களே அழ ஆரம்பித்தார்கள். கோயில்களில் செத்தவர்களுக்காகப் பூசை, கூட்டம் கொள்ளவில்லை. வீடுகளில் அவர்கள் படம். 1918 டிசம்பர் தேர்தலில் அயர்லாந்துக்குரிய 105 ஸ்தானங்களில் 73 ஸ்தானங்களைக் குடியரசுக் கட்சி அடைந்தது. கலகக்காரர்களின் வாதத்தைக் கேட்டு ஜனங்கள் மனம் மாறினார்களா என்றால், பெரும்பாலோர் அப்படி மாறவில்லை. சுட்டவர்கள்தான் மாற்றினார்கள். சர்க்கார் ஒரு மனிதனைச் சுட்டால் அவன் கொள்கை சாவதில்லை; அக்கொள்கை என்னவென்று கேட்கும் வழக்கந்தான் செத்துப்போகிறது. "பாவம், செத்தான்" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

தோழர்களே! அங்கிருந்துதான் புராணம் ஆரம்பம். ஈஸ்டர் என்பது ஏசுநாதர் செத்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று கிறிஸ்தவர்கள் கொண்டாடும் பண்டிகை. கலகத்திற்கு முதலில் குறித்த நாளே அந்த ஈஸ்டர் ஞாயிறு. குழப்பத்தால் ஒரு நாள் தள்ளிப்போயிற்று. பியர்ஸ், இரத்தம் சிந்துவது ஜாதியைப் பரிசுத்தப்படுத்தும் என்று எழுதிவந்தவர். யுத்தத்தில் இரத்தம் சிந்துவதைப் புகழ்ந்த ஓர் எழுத்தைக் கானலி 1915-ல் வெறும் பைத்தியக்காரப் பேச்சென்று கண்டித்தார். ஆனால் சில மாதங்களில் கானலியே அந்தப் பாஷையைப் பேசும்படியாயிற்று. ஆக, செத்தவர்கள் தங்கள் கையாலேயே பீடத்தைப் பாதி கட்டி வைத்திருந்தார்கள். மீதியைப் பின்வந்தவர்கள் கட்டி முடித்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. கலகம் நடந்தது ஏப்ரல் 24. ஆனால் சர்க்கார் விழா நடத்துவது ஈஸ்டர் ஞாயிறன்று. ஈஸ்டர் எப்போது? வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்குப் பின்வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு! 2016-ல் நூறாவது வருஷத்துப் பெரிய அணிவகுப்பு மார்ச் 27-ந் தேதியே நடந்துவிட்டது. நம்மூர்ப் புரோகிதர் தேதியை விட்டுத் திதி பார்த்துத் திவசம் நடத்துகிறாரல்லவா? அயர்லாந்துச் சர்க்கார் செய்வதும் அதுதான். சரித்திரம் பஞ்சாங்கத்திற்குள் போய்விட்டால் அதை யாரும் கேள்வி கேட்க முடியாது, கும்பிடத்தான் முடியும்.

நிற்க, கும்பிட்டவர்கள் யார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1921-ல் இங்கிலீஷ்காரனோடு ஒப்பந்தமாயிற்று. 26 ஜில்லா தனி ஆட்சியாயிற்று. வடக்கே 6 ஜில்லா இங்கிலாந்தோடு நின்றுவிட்டது. ஒப்பந்தம் சரியா தப்பா என்று கலகக்காரர்களே இரண்டு கட்சியாகி 1922-லும் 1923-லும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். புதுச் சர்க்கார் மரணதண்டனை விதித்துச் சுட்ட சொந்த நாட்டார் 70 பேருக்கு மேல். அதாவது 1916-ல் இங்கிலீஷ்காரன் சுட்டதைப்போல் நாலு பங்குக்கு அதிகம். அந்தச் சர்க்காரின் தலைவர் காஸ்கிரேவும் கலகத்தில் இருந்தவர். எதிர்க்கட்சித் தலைவர் டிவேலராவும் கலகத்தில் இருந்தவர். இருவரும் செத்தவர்களுக்குத் தாங்களே வாரிசென்று சொல்லிக்கொண்டார்கள். செத்தவனா எழுந்துவந்து சாட்சி சொல்லப் போகிறான்?

1935-ல் டிவேலரா தபாலாபீசில் ஒரு சிலையைத் திறந்துவைத்தார். யாருடைய சிலை? பியர்ஸா? கானலியா? இல்லை. குஹுலின் என்ற பழங்கதை வீரன் சிலை. அதுவும் கலகத்திற்கு முன்பே செய்து வைத்திருந்தது. கானலி சிலையை வைத்தால், தொழிலாளிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எவனாவது கேட்பான். புராண வீரனிடம் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

பெண்மக்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அந்தக் கலகத்தில் வேலை செய்தார்கள். சரணடையும் செய்தியை வெள்ளைக்கொடியுடன் குண்டுக்கு நடுவே கொண்டுபோனவர் எலிசபெத் ஓ ஃபாரல் என்னும் தாதி. பியர்ஸ் சரணடைந்தபோது எடுத்த படத்தில் அவர் பின்னால் நிற்பதால் பாதந்தான் தெரிகிறது. பின்னால் சில இடங்களில் அப்படத்தை அச்சிட்டவர்கள் அந்தப் பாதத்தையும் அழித்துவிட்டார்கள். மார்கரெட் ஸ்கின்னிடர் என்ற உபாத்தியாயினி துப்பாக்கி பிடித்துச் சண்டைபோட்டு மூன்று குண்டுக் காயம் பட்டவர். 1925-ல் அவர் பென்ஷன் கேட்டபோது, சிப்பாய் என்றால் சட்டப்படி ஆண்பிள்ளைதான் என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். 1938-ல்தான் கிடைத்தது. குண்டுக்கு ஆண் பெண் பேதம் தெரியவில்லை. பென்ஷன் ஆபீசுக்குத் தெரிந்தது!

1937-ல் புது அரசியல் சட்டம் வந்தது. கத்தோலிக்க மதத்திற்கு விசேஷ அந்தஸ்து, விவாகரத்துக் கூடாது, பெண்ணின் இடம் வீடு என்ற கருத்தும் அதிலே. அப்போது சில பெண்கள் எழுந்தார்கள். பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டுச் செத்த டாம் கிளார்க்கின் மனைவி கேத்லீன் கிளார்க் அவர்களில் ஒருவர். "1916 பிரகடனம் எங்களுக்குச் சமத்துவம் கொடுத்ததே, இது என்ன?" என்ற தோரணையில் எதிர்த்தார். கவனியுங்கள் தோழர்களே! ஆண் தலைவர்கள் கலகத்தை விக்கிரகமாக வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண்பிள்ளை அதைக் கடன்பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து வசூல் கேட்கிறார். செத்தவர்களை மதிக்கும் வழி இவ்விரண்டில் எது?

அடுத்த தலைமுறைக்கு வருவோம். 1966-ல் ஐம்பதாவது வருஷம். பெரிய கொண்டாட்டம். அச்சமயம் பிரான்சிஸ் ஷா என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தேசபக்தனை ஏசுநாதரோடு சேர்த்து வைப்பது தப்பு, கலகத்தில் சேராதவர்களும் அயர்லாந்துக்காரர்தானே என்று ஒரு கட்டுரை எழுதினார். விழாச் சமயத்தில் இது வேண்டாமென்று நிறுத்தி வைத்து 1972-ல்தான் அச்சிட்டார்கள். பாதிரியார் எழுதியதாயிற்றே என்று நாம் தள்ளவேண்டியதில்லை. சொன்னவன் யாரென்று பாராமல் சொன்னது மெய்யா என்று பார்ப்பதுதானே அறிவு?

கட்டுரை காத்திருந்த அந்த ஆறு வருஷத்திற்குள் வடக்கே நெருப்புப் பிடித்துவிட்டது. 1998-ல் உடன்பாடு ஏற்படுவதற்குள் 3,500 பேர் அளவில் மாண்டார்கள். குண்டு வைத்தவர்கள், 1916-ல் செத்தவர்கள் எங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள் என்றார்கள். அவர்களும் ஓட்டு வாங்காமல்தானே ஆரம்பித்தார்கள் என்றும் கேட்டார்கள். டப்ளின் சர்க்காரால் பதில் சொல்ல முடியவில்லை. ஐம்பது வருஷமாகக் கும்பிடக் கற்றுக்கொடுத்துவிட்டு, திடீரென்று யோசிக்கச் சொன்னால் யார் யோசிப்பார்கள்? அதனால் பயந்துபோய் 1970-களின் ஆரம்பத்தில் பட்டாள அணிவகுப்பையே நிறுத்திவிட்டார்கள். 2006-ல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். முன்பு அளவில்லாத பூசை. பின்பு வாய்திறவாத மௌனம். இரண்டிலும் விசாரணை கிடையாது.

இன்னொரு கூட்டம், கலகமே அநாவசியம் என்கிறது. முன்னாள் பிரதம மந்திரி ஜான் புரூட்டன் இப்படிச் சொன்னவர். 1914-லேயே சுய ஆட்சிச் சட்டம் நிறைவேறிவிட்டது, யுத்தம் முடிந்தால் தானே வந்திருக்கும் என்பது அவர் வாதம். மற்றவர்கள், வடக்கே அச்சட்டத்தை எதிர்த்து 1914-லேயே ஆயிரக்கணக்கான துப்பாக்கி இறக்கிவிட்டார்களே, எப்படி வந்திருக்கும் என்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் கேளுங்கள். ஆனால் நடக்காத காரியத்தின் பலனை அளக்க எவரிடமும் படி கிடையாது. நடந்த காரியத்திற்குக் கணக்கு இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

அந்தக் கணக்கை எடுக்க நூறு வருஷம் ஆயிற்று. கலகத்தில் இருந்தவர்களிடம் 1947 முதல் பத்து வருஷம் சர்க்கார் வாக்குமூலம் வாங்கியது, 1,773 வாக்குமூலங்கள். வாங்கிப் பூட்டிவைத்து 2003-ல்தான் திறந்தார்கள். பென்ஷன் தஸ்தாவேஜுகள் 2014 முதல் வெளிவந்தன. அப்புறந்தான் மொத்தம் செத்தவர் 485 பேர் என்று எண்ணினார்கள். அதில் பாதிக்கு மேல் இரண்டு பக்கத்திலும் சேராத சாதாரண ஜனங்கள். 16 வயதும் அதற்கு உட்பட்டதுமான பிள்ளைகள் 40 பேர் என்று ஒரு பத்திரிகையாளர் தேடியெடுத்து 2015-ல் புத்தகம் போட்டார். தள்ளுவண்டியில் இருந்த மூன்று வயது நிரம்பாத குழந்தையும் அவர்களில் ஒன்று. தூக்கிலும் துப்பாக்கியிலும் செத்த 16 பேரின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போடவைத்தார்களே, இந்த 40 பிள்ளைகளை எண்ணவாவது ஏன் இத்தனை காலம்? புராணத்தில் தலைவன் சாவான், வில்லன் சாவான். தெருவில் போகிற பிள்ளை செத்தால் கதை கெட்டுப்போகிறதல்லவா?

2016-ல் டப்ளினில் கிளாஸ்நெவின் இடுகாட்டில் ஒரு சுவர் வைத்து, கலகக்காரர், சிப்பாய், ஜனங்கள் எல்லோர் பெயரையும் வரிசையாக வெட்டினார்கள். எங்கள் வீரன் பெயரோடு இங்கிலீஷ் சிப்பாய் பெயரா என்று சிலர் எதிர்த்தார்கள். 2017-ல் சாயம் ஊற்றினார்கள், 2020-ல் உடைத்தார்கள். எதிரியின் பெயரை ஒரே சுவரில் எழுதலாமா கூடாதா என்பதில் நியாயமான அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் பேச்சில் தீர்க்கவேண்டியதைச் சுத்தியலால் தீர்க்க வந்தவன், தான் இன்னும் பக்தன்தான் என்று காட்டிக்கொண்டான்.

நாட்டின் பிள்ளைகள் எல்லோரையும் ஒன்றுபோல் பேணுவோம் என்று பிரகடனம் சொன்னதல்லவா? அங்கே பிள்ளைகள் என்றது குடிமக்களை; முக்கியமாக இரு மதத்தாரையும். பின்வந்தவர்கள் அதை நிஜமான குழந்தைகள் என்றே அர்த்தம் செய்துகொண்டு கேள்வி கேட்டார்கள். அதுவும் நல்ல கேள்விதான். கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களை அடைத்துவைத்த ஸ்தாபனங்களில் பலவற்றைக் கன்னியாஸ்திரீகள் நடத்தினார்கள். அப்படிப்பட்ட 18 இடங்களைப்பற்றிய விசாரணையறிக்கை 2021-ல் வந்தது. செத்த குழந்தைகள் சுமார் 9,000! சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. பிரகடனத்தைப் படித்துக்கொண்டிருந்த நாட்டில்தான் இது நடந்தது. பாராயணம் பண்ணுவதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் இதுதான் தோழர்களே!

அந்நாட்டு ஜனங்கள் உறங்கியே போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கத்தோலிக்க மதத்தின் விசேஷ அந்தஸ்தை 1972-ல் ஓட்டுப்போட்டு எடுத்தார்கள். 1995-ல் விவாகரத்துக்கு இடங்கொடுத்து ஓட்டுப்போட்டார்கள். தெய்வ நிந்தனையைக் குற்றமென்று சொன்ன விதியை 2018-ல் நீக்கினார்கள். ஆனால் பெண்ணையும் வீட்டையும்பற்றிய விதியை மாற்ற 2024 மார்ச்சில் ஓட்டெடுத்தும் நிறைவேறவில்லை. கடனில் பாதி அடைந்திருக்கிறது, பாதி பாக்கி.

இந்தக் கதைக்கும் நம் சென்னைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அன்னிபெசண்டு அம்மையார் இங்கே ஹோம்ரூல் கேட்ட 1916-ல், அவருடைய பத்திரிகையில் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் உதவியாசிரியராயிருந்தார். டப்ளின் கலகத்தைப் புகழ்ந்து எழுதினார், வேலை போயிற்று. அவர் மனைவி மார்கரெட் கசின்ஸ், 1908-ல் டப்ளினில் பெண்களுக்கு ஓட்டுக் கேட்கச் சங்கம் கண்டவர்களில் ஒருவர். 1917-ல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் ஏற்பட முன்னின்றவர்களிலும் அவர் ஒருவர். 1921-ல் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. புகழ்ந்து எழுதிய கட்டுரை அன்றோடு போயிற்று. ஓட்டுக் கேட்ட வேலையோ கடல் தாண்டி வந்தும் பலன் கொடுத்தது.

"உயிரைக் கொடுத்தவர்களைக் குறை சொல்லலாமா?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. கானலி போன்றவர்கள், இங்கிலீஷ்காரன் கொடியை இறக்கிப் பச்சைக்கொடியை ஏற்றினாலே ஏழைக்கு விமோசனம் வந்துவிடாது என்று கலகத்திற்கு வெகு வருஷம் முன்பே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவர் சொல்லைப் பெட்டியில் பூட்டிவிட்டு அவர் படத்தைச் சுவரில் மாட்டியவர்களைத்தான் கேட்கிறேன். தகப்பன் வாங்கிய கடனை அடைக்காத மகன் தகப்பன் படத்திற்கு எத்தனை மாலை போட்டாலும் கடன்காரன் வாசலை விட்டுப் போவானா?

ஆகையால், எந்தத் தேசத்தில் எந்தக் கலகத்தைப்பற்றி யார் பேசினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். செத்தவர்கள் என்ன வாக்குக் கொடுத்தார்கள்? அவர்கள் பெயரால் ஆண்டவர்கள் அதில் எவ்வளவு நிறைவேற்றினார்கள்? அந்தச் சண்டையில் பெயரில்லாமல் செத்தவர்கள் எத்தனை பேர்? இம்மூன்றுக்கும் பதில் சொல்லாமல் மாலையை மட்டும் கையில் கொடுக்கிறவனிடம் ஜாக்கிரதையாயிருங்கள்.